நாட்காட்டி வசதி கட்டும் மென்பொருள் அணிகளுக்கு: சொன்ன நேரத்தைச் சொன்னபடியே சேமியுங்கள்

அன்புள்ள நண்பர்களே,

உங்கள் மென்பொருளில் நாட்காட்டி வசதி சேர்க்கப் போகிறீர்கள். சந்திப்பு முன்பதிவு, வகுப்பு அட்டவணை, மருந்து நினைவூட்டல், எதுவாகவும் இருக்கட்டும். இன்றைக்கோ நாளைக்கோ உங்களில் ஒருவர் தரவுத்தளத்தில் 'நிகழ்வுகள்' என்று ஓர் அட்டவணை திறப்பார். தொடக்கம், முடிவு என்று இரண்டு நெடுவரிசை போட்டு, இரண்டையும் யூடிசி டைம்ஸ்டாம்ப் (உலகப் பொது நேரத்தில் குறித்த ஒரு கணம்) என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதற்கு முன்னால் இந்த மடல் அவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

ஏனென்றால் நானும் அதையேதான் செய்தேன். 2022இல் நான் இருந்த ஓர் அணி, இணையவழி வகுப்புகளுக்கு முன்பதிவு செய்யும் மென்பொருளை நடத்தி வந்தது. அட்டவணையை வரைந்தவன் நான். 'எல்லா நேரத்தையும் யூடிசியில் வை, காட்டும்போது மாற்றிக்கொள்' என்பது நிரலர் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரும் பாடம். அதன்படி, வாராவாரம் வரும் வகுப்புகளை ஓராண்டுக்கு விரித்து, வாரத்துக்கு ஒரு வரிசையாக யூடிசியில் எழுதி வைத்தேன். அந்த ஆகஸ்டில், மெக்சிகோ நகரத்திலிருந்து பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை செவ்வாய்தோறும் காலை 9 மணிக்கு ஒரு வகுப்பு போட்டார். கோடை நேரம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் வழக்கம்) நடக்கும் மாதங்களில் அந்த நகரம் யூடிசிக்கு 5 மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் 6 மணி நேரம் பின்னால். அப்போதைய விதிப்படி அடுத்த ஏப்ரலில் கோடை நேரம் மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே ஏப்ரல் வகுப்புகளுக்கு என் நிரல் யூடிசி 14:00 என்று எழுதியது.

அக்டோபர் 30ஆம் தேதி மெக்சிகோவின் பெரும்பகுதி கடைசி முறையாகக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியது. இனி கோடை நேரமே கிடையாது என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் சர்வரில் நேர மண்டலத் தரவை (எந்த ஊர்க் கடிகாரம் எப்போது மாறும் என்ற தொகுப்பை) ஒழுங்காகப் புதுப்பித்தோம். குளிர்காலம் முழுக்க ஒரு சிக்கலும் இல்லை. 2023 ஏப்ரல் 4, செவ்வாய்க்கிழமை, பல நாட்டு மாணவர்கள் திரையைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். ஆசிரியையின் கடிகாரத்தில் அப்போது மணி 8. அன்று அவர் எங்களுக்கு எழுதியது இரண்டே வரி: "நான் 9 மணி என்றுதான் போட்டேன். யார் மாற்றியது?"

யாரும் மாற்றவில்லை. அவர் சொன்னது 'செவ்வாய், காலை 9, மெக்சிகோ நகர நேரம்'. நான் சேமித்தது, அந்தச் சொல்லை வைத்து அன்றைய விதிப்புத்தகத்தில் நான் போட்ட கணக்கின் விடை. விடையை வைத்துக்கொண்டு கேள்வியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். விதி மாறியதும் விடை தப்பாகிவிட்டது. திருப்பிக் கணக்குப் போடக் கேள்வி கையில் இல்லை. ஆசிரியரின் புரொஃபைலில் ஒரு நேர மண்டலம் இருந்தது உண்மைதான். ஆனால் சிலர் இடையில் ஊர் மாறியிருந்தார்கள். சிலர் அக்டோபருக்குப் பிறகு போட்ட வகுப்புகள் புதிய விதிப்படி சரியாகவே இருந்தன. எதைத் திருத்துவது, எதை விடுவது என்று நிரலால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொருவருக்காக எழுதிக் கேட்டு, கையால் திருத்தினோம்.

'எப்போதோ ஒருமுறை நடப்பதற்காகவா?' என்று கேட்பீர்கள். கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். வட கொரியா 2015 ஆகஸ்டில் கடிகாரத்தை அரை மணி பின்னே தள்ளி, 2018 மே மாதம் பழையபடி முன்னே கொண்டுவந்தது. துருக்கி 2016இல் கோடை நேரத்தையே நிரந்தரமாக்கியது. கஜகஸ்தான் 2024 மார்ச் 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்றது. லெபனான் 2023 மார்ச்சில், கோடை நேரம் தொடங்க இரண்டு மூன்று நாளே இருக்கும்போது அதை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தது. ஒரு சாரார் ஏற்க, ஒரு சாரார் மறுக்க, ஒரே ஊரில் இரண்டு விதமான நேரம் ஓடியது. சில நாளில் அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே கிடையாது. சர்வதேசத் தேதிக் கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்காக வியாழன் இரவு முடிந்ததும் சனிக்கிழமைக்குத் தாவினார்கள். இந்த மாற்றங்களையெல்லாம் தொகுத்துத் தரும் ஐயானா நேர மண்டலத் தரவுத்தளம் ஆண்டுக்குப் பல முறை புதுப்பிக்கப்படுகிறது. கடந்த காலத்துக்கு யூடிசி சரியான ஆள். பணம் எப்போது வந்தது, அழைப்பு எப்போது முடிந்தது, இவையெல்லாம் நடந்து முடிந்த கணங்கள். நாளை மறுநாளுக்கான சந்திப்பு இன்னும் கணமாகவில்லை, அது ஒரு பேச்சு. இன்ன ஊர்க் கடிகாரம் 9 காட்டும்போது சந்திப்போம் என்று இருவர் வைத்துக்கொண்ட பேச்சு.

சரி, இதை யாரும் யோசித்ததில்லையா? எப்போதோ யோசித்துவிட்டார்கள். 1996இல் நாட்காட்டித் தரவைப் பரிமாற விகேலண்டர் என்ற வடிவம் வந்தது. அதை அடியொற்றி 1998இல் ஐகேலண்டர், ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 2445 என்ற எண்ணில் வந்தது. 2009இல் அதைத் திருத்தி ஆர்எஃப்சி 5545 ஆக்கினார்கள். மின்னஞ்சலில் அழைப்பாக வரும் ஐசிஎஸ் கோப்பு இதுதான். ஒரு நிகழ்வின் நேரத்தை அதில் நான்கு விதமாகச் சொல்லலாம். கடைசியில் 'இஸட்' என்ற எழுத்து ஒட்டியிருந்தால் யூடிசி கணம்: சந்திர கிரகணம், ராக்கெட் ஏவுதல் போல உலகம் முழுக்க ஒரே நொடியில் நடப்பவை. நேர மண்டலத்தின் பெயரோடு வந்தால் அந்த இடத்துக் கடிகாரம்: கூட்டம், வகுப்பு. எதுவும் இல்லாமல் வெறும் நேரமாக வந்தால் 'மிதக்கும்' நேரம்: காலை 8 மணிக்கு மாத்திரை என்றால், எந்த நாட்டில் கண் விழித்தாலும் அங்கே காலை 8. நான்காவது, நேரமே இல்லாத வெறும் தேதி: பிறந்தநாள், விடுமுறை. நிகழ்வு என்றாலே இந்த நான்கில் எது என்று முதலில் கேட்க வைக்கிறது அந்த வடிவம். என் இரண்டு நெடுவரிசை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

வெறும் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வாரமே வரும் பிழை இதில்தான். மார்ச் 10 பிறந்தநாள் என்று ஒருவர் போடுகிறார். உங்களிடம் இருப்பது டைம்ஸ்டாம்ப் நெடுவரிசை மட்டும் என்பதால் அதை மார்ச் 10, யூடிசி 00:00 என்று வைக்கிறீர்கள். கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவர் திறந்தால் அது மார்ச் 9 மாலையில் நிற்கிறது. ஒருநாள் முந்தி வாழ்த்து போகிறது. ஐகேலண்டரில் முழுநாள் நிகழ்வு வெறும் தேதி. அதில் நேர மண்டலம் தலையிடவே முடியாது. அங்கேயும் ஓர் இடறல் உண்டு: முடிவுத் தேதி நிகழ்வில் சேராது. மார்ச் 10 ஒருநாள் மட்டும் என்றால் டிடிஸ்டார்ட் (தொடக்கம்) 10, டிடிஎண்ட் (முடிவு) 11. இது தெரியாமல் இரண்டிலும் 10 போட்டு அனுப்புகிறவர்களும், 11ஐ அப்படியே திரையில் காட்டி விடுமுறையை ஒருநாள் நீட்டுகிறவர்களும் ஏராளம்.

அப்புறம், திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகள். இதைச் சொந்தமாகச் செய்துகொள்ளலாம் என்று நினைக்கும் எல்லோரும் 'தினமும், வாரம், மாதம், ஆண்டு' என்று ஒரு கீழிறங்கு பட்டியலில் ஆரம்பிக்கிறோம். அடுத்த மாதமே 'மாதத்தின் கடைசி வெள்ளி' என்று ஒருவர் கேட்பார். 'இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாயும் வியாழனும்' என்று இன்னொருவர் கேட்பார். 'எல்லாச் செவ்வாயும் 9 மணி, இந்த ஒரு செவ்வாய் மட்டும் மாலை 4' என்பார் மூன்றாமவர். ஐகேலண்டரின் ஆர்ரூல் என்ற ஒரு வரி விதியில் முதல் இரண்டும் அடங்கும். விதிவிலக்குகளுக்கு எக்ஸ்டேட் (விட்டுவிட வேண்டிய நாள்), ரெகரன்ஸ்-ஐடி (மாற்றிய நாளின் அடையாளம்) என்று தனி இடம் இருக்கிறது. அந்த ஒரு செவ்வாய் எங்கே நகர்ந்தாலும், அது முதலில் எந்த நேரத்துக்கு இருந்ததோ அந்த நேரத்தையே அடையாளமாகச் சுமந்து திரிகிறது. நகர்ந்த நிகழ்வு தன் தாய்த் தொடரை மறப்பதில்லை. வாரத்துக்கு ஒரு வரிசையாக விரித்து வைத்த என் அட்டவணையில் இந்த உறவே கிடையாது. 'இனிமேல் எல்லாம் 10 மணிக்கு' என்று ஆசிரியை மாற்றியபோது, முன்பே தனியாக நகர்த்தியவை எவை என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போனது என் நிரல்.

விதியின் மூலைகளும் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. மாதந்தோறும் 31ஆம் தேதி என்றால், 31 இல்லாத மாதங்களில் நிகழ்வு இல்லை. தானாக 30க்கு நகராது. மாதக் கடைசிதான் வேண்டும் என்றால் கழித்தல் 1 என்று எழுத வேண்டும். பிப்ரவரி 29இல் தொடங்கி ஆண்டுதோறும் என்றால் லீப் ஆண்டில் மட்டும் வரும். சாதா ஆண்டில் 28ஆம் தேதி கொண்டாட வேண்டுமானால், அதற்கும் வழி சொல்லி 2015இல் ஆர்எஃப்சி 7529 வந்திருக்கிறது. சீன, எபிரேய நாட்காட்டிகள் போல கிரெகோரியன் அல்லாத முறைகளில் திரும்பும் நிகழ்வுகளுக்கும் இடம் கொடுத்தது அந்த ஆவணமே. அதை ஆதரிக்கும் மென்பொருள் இன்னும் குறைவு என்பது வருத்தமான நிலைமை. ஒருநாள் என்பதும் 24 மணி நேரம் என்பதும் வேறு வேறு என்றுகூட 5545 பிரித்துவைத்திருக்கிறது; கடிகாரம் மாறும் இரவில் ஒருநாள் 23 மணி அல்லது 25 மணி நேரம் ஆகுமல்லவா! கடிகாரம் முன்னே தாவுவதால் இல்லாமலே போகும் 2:30 மணிக்கு ஒருவர் கூட்டம் வைத்தால் என்ன பொருள், பின்னே போவதால் இரண்டு முறை வரும் 1:30க்கு என்ன பொருள் என்பதற்கும் அதில் பதில் இருக்கிறது. இதையெல்லாம் ஓர் அணி உட்கார்ந்து முதலிலிருந்து யோசிப்பதென்றால் எத்தனை மாதம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஐகேலண்டரின் வலியை மறைத்தால் அது நியாயமாகாது. அதன் எழுத்து வடிவம் பழையது. ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். போனால் வரியை உடைத்து, அடுத்த வரியை ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், பெரிதாகத் தெரியாது. தமிழில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்; புள்ளியும் உயிர்க்குறியும்கூடத் தனிக் குறியீடுகள்தான். 'ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம்' என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'சம்மரி' என்ற புலத்தின் பெயரும் முக்காற்புள்ளியும் சேர்ந்து 8 பைட், மிச்சம் 67. 'ஆண்டுப்' 21, இடைவெளி 1, 'பொதுக்குழுக்' 36, இன்னொரு இடைவெளி 1, 'கூ' 6. மொத்தம் 65 ஆயிற்று. அடுத்து வரும் 'ட' என்ற எழுத்தின் 2 பைட் இந்த வரியில், ஒரு பைட் அடுத்த வரியில். கண்ணை மூடிக்கொண்டு 75இல் வெட்டும் லைப்ரரி எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடுகிறது. வாங்குகிற பக்கம் முதலில் வரிகளை ஒட்டிவிட்டு அப்புறம் எழுத்தாக மாற்றினால் தப்பித்தோம். வரிக்கு வரி எழுத்தாக மாற்றிவிட்டு ஒட்டினால், 'ஆண்டுப் பொதுக்குழுக் கூ' வரை நன்றாக வந்து, பிறகு கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியாக நிற்கும். இது இப்படி நடக்கும் என்று 5545 எச்சரித்தே இருக்கிறது. ஆகவே பார்சரை (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரலை) நீங்களே எழுதாதீர்கள். லிப்ஐகேல் போன்று பல்லாண்டு அடிபட்டுப் பழுத்த லைப்ரரிகள் இருக்கின்றன. எதை எடுத்தாலும், எடுப்பதற்கு முன் நீளமான தமிழ்த் தலைப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

உள்ளே எதை வைப்பது, வெளியே எதைப் பேசுவது என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் முடிவெடுப்பது எளிது. வெளியே ஐகேலண்டர்தான், அதில் விவாதத்துக்கு இடமில்லை. அழைப்பை அனுப்ப, வாங்க, சந்தா கொடுக்க, கேல்டேவ் என்ற நெறிமுறை வழியாக ஒத்திசைக்க, உலகம் பேசுவது அதைத்தான். உள்ளே, ஏபிஐயிலும் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) உங்கள் நிரலிலும், 2021இல் ஆர்எஃப்சி 8984ஆக வந்த ஜேஎஸ்கேலண்டரை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. ஜேசான் என்ற பரவலான தரவு வடிவம், 75 பைட் தொல்லை இல்லை. தொடக்கம் என்பது அந்த இடத்துக் கடிகார நேரம், பக்கத்தில் நேர மண்டலத்தின் பெயர், பிறகு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற அளவு. முடிவு நேரம் என்ற புலமே இல்லாததால், தொடக்கமும் முடிவும் ஒன்றோடொன்று முரண்பட வாய்ப்பில்லை. நகர்த்திய செவ்வாய், மாறிய விவரத்தை மட்டும் சொல்லும் சிறு ஒட்டாக, தாய் நிகழ்வுக்குள்ளேயே இருக்கும். 2014இல் வந்த ஜேகேல் என்று ஒன்றும் உண்டு. அது ஐகேலண்டரையே ஜேசான் எழுத்தில் எழுதுவது, அவ்வளவுதான். இருப்பதை அப்படியே கடத்த உதவும், புதிதாகக் கட்ட அதில் பெரிய ஆதாயம் எனக்குத் தெரியவில்லை.

தரவுத்தளத்தில் யூடிசி நெடுவரிசையே கூடாதா என்றால், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் யாருக்கு நினைவூட்டல் போக வேண்டும் என்று தேட அது இல்லாமல் முடியாது. ஆனால் அது கணக்கிட்டு வந்த விடை என்பது பெயரிலேயே தெரியட்டும். எந்தப் பதிப்பு நேர மண்டலத் தரவை வைத்துக் கணக்கிட்டது என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். பதிப்பு மாறினால், இனி வரவிருக்கும் நிகழ்வுகளுக்கு மறுபடி கணக்கிடும் ஒரு வேலையை ஓட்டுங்கள். முடிவில்லாத தொடர்களை ஓரளவுக்கு மட்டும் விரியுங்கள். நொடிக்கு ஒருமுறை என்று ஒரு விதி எழுதி அனுப்பினால் எல்லையில்லாமல் விரிக்கும் சர்வர் படுத்துவிடும். வெளியிலிருந்து வந்த கோப்பில் உங்களுக்குப் புரியாத புலங்கள் இருந்தால் தூக்கி எறியாமல் வைத்திருந்து, திருப்பி அனுப்பும்போது சேர்த்து அனுப்புங்கள். யூஐடியை (நிகழ்வின் தனி அடையாளத்தை) மாற்றவே மாற்றாதீர்கள், ஒரே கூட்டம் இரண்டாகப் பெருகுவது பெரும்பாலும் அதனால்தான். மண்டலத்தின் பெயர் ஐயானா பெயராக இல்லாமல் விண்டோஸ் பெயராகவும் வரும். யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் தொகுப்பில் இரண்டுக்கும் பொருத்தப் பட்டியல் இருக்கிறது.

'முதல் பதிப்புக்கு இவ்வளவு வேண்டாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று அணித்தலைவர் சொல்வார். அவருக்கு நான் சொல்வது இது: திரும்பும் விதிகளைப் பிறகு சேர்க்கலாம், அழைப்புகளைப் பிறகு சேர்க்கலாம், கேல்டேவைப் பிறகு சேர்க்கலாம். சேமிக்காமல் விட்ட நேர மண்டலத்தைப் பிறகு எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? அதைச் சொன்னவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அந்தப் படிவத்தை நிரப்பிய நிமிடத்தில். அந்த மண்டலமும், அது எந்த வகை நேரம் என்பதும், இரண்டே இரண்டு நெடுவரிசை. தரவுத்தளத்தை அமைக்கும் முதல் மைக்ரேஷனிலேயே போட்டுவிடுங்கள்.

அது முடிந்ததும் ஒரு சோதனை எழுதுங்கள். மெக்சிகோ மாற்றம் நேர மண்டலத் தரவுத்தளத்தின் 2022எஃப் பதிப்பில் வந்தது. அதற்கு முந்தியது 2022ஈ. 2022ஈ தரவோடு, மெக்சிகோ நகர நேரத்தில் செவ்வாய்தோறும் காலை 9 மணி என்று ஒரு வகுப்பு போடுங்கள். தரவை 2022எஃப் ஆக மாற்றுங்கள். பிறகு 2023 ஏப்ரல் 4ஐத் திறந்து, ஆசிரியையின் திரையில் மணி என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

அன்புடன்,
ஏப்ரல் வகுப்புகளைக் கையால் திருத்திய ஒரு நிரலர்